விசுவாச மந்திரம் நம் ஊருக்கு வந்த வழி

பெரம்பலூர் மாவட்டத்து எறையூர் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது அங்குள்ள சர்க்கரை ஆலைதான். கரும்பு ஏற்றிய வண்டிகள் வரிசையாக நிற்கும் பருவத்தில், ஆலைச் சங்கின் ஒலியைக் கொண்டு பொழுதைக் கணித்த வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. மாலையில் விளக்கேற்றியதும் என் அப்பாயி சுவரிலிருந்த மாதா படத்தின் முன் அமர்ந்து செபமாலையைத் தொடங்குவார். அவர் எழுத்தறியாதவர். கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் ரேகை வைப்பவர். ஆயினும் விசுவாச மந்திரத்தைத் தொடங்கிவிட்டால் முதலிலிருந்து கடைசிவரை ஓரிடத்திலும் தடுமாறமாட்டார். ‘சர்வேசுரன்’, ‘போஞ்சு பிலாத்து’, ‘சரீர உத்தானம்’ என்று அந்த அரிய சொற்கள் அவருடைய வெற்றிலை மணக்கும் வாயிலிருந்து நீரோட்டம்போல் வரும்.

மறைக்கல்வி வகுப்பில் நாங்கள் படித்ததோ வேறு சொற்கள். அங்கே ‘நம்புகிறேன்’ என்போம். வீட்டில் அப்பாயி ‘விசுவசிக்கிறேன்’ என்பார். ஞாயிறு திருப்பலியில் எல்லாரும் புதிய பாடத்தைச் சொல்லும்போதுகூட அவர் உதடுகள் பழையதையே முணுமுணுக்கும். சொற்கள் சற்று நீளமானவை ஆதலால், மற்றவர்கள் ‘ஆமென்’ சொல்லி அமர்ந்த பிறகும் அவர் மட்டும் இரண்டு வரி பின்தங்கி நிற்பார்.

ஒருநாள் அவரிடம் கேட்டேன்: “அப்பாயி, சமுதீதப் பிரயோசனம்னா என்ன?”

“அது எனக்கு எங்க சாமி தெரியும்? எங்க ஊரு உபதேசியாரு சொல்லிக் குடுத்தாரு. அவருக்கு அவரோட உபதேசியாரு சொல்லிக் குடுத்திருப்பாரு” என்றார். பிறகு சற்று யோசித்துவிட்டு, “செத்தவங்களும் இருக்கிறவங்களும் ஒரே வீட்டு ஆளுங்கன்னு வச்சிக்க” என்றார்.

அந்த விடையின் ஆழம் எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. அவருடைய உபதேசியாருக்கு முந்திய உபதேசியார், அவருக்கும் முந்தியவர் என்று பின்னோக்கிச் சென்றால் அந்தச் சொற்கள் எங்கே போய் நிற்கும் என்ற ஆவலே இக்கட்டுரைக்குக் காரணம்.

கத்தோலிக்க நம்பிக்கையின் சாரம் என்ன என்று கேட்பவர்க்குத் திருச்சபை தொன்றுதொட்டு எடுத்துக் காட்டுவது இந்த மந்திரத்தைத்தான். 325-ஆம் ஆண்டு நிசேயாவில் கூடிய பொதுச்சங்கம், மகன் தந்தையோடு ஒரே பொருளானவர் என்று அறிக்கையிட்டது; 381-இல் கொன்ஸ்தாந்திநோப்பிள் சங்கம் தூய ஆவியாரைப் பற்றிய பகுதியை விரித்துரைத்தது. நிசேயாவின் 1700-ஆம் ஆண்டு நிறைவைத் திருச்சபை 2025-இல் கொண்டாடியது. திருத்தூதர்களின் பெயரால் வழங்கும் சிறிய அறிக்கையோ உரோமைத் திருச்சபையில் திருமுழுக்குப் பெறுவோர் சொன்ன சொற்களிலிருந்து வளர்ந்தது. செபமாலையின் தொடக்கத்தில் நாம் சொல்வதும் அப்பாயி சொன்னதும் இதுவே. படைத்தவர் ஒருவர் உண்டு. அவர் மகன் நமக்காக மனிதரானார், பாடுபட்டார், இறந்தார், உயிர்த்தார். அவருடைய ஆவியார் திருச்சபையில் இருந்து பாவத்தை மன்னிக்கிறார், உடலை எழுப்புவார். பன்னிரண்டு பிரிவுகளில் இவ்வளவுதான் செய்தி. திரிதெந்து சங்கத்தின் விளைவாக 1566-இல் வந்த மறைக்கல்வி நூலும் சரி, 1992-இல் இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட மறைக்கல்வி நூலும் சரி, இந்த அறிக்கையின் விளக்கத்தையே முதற்பகுதியாகக் கொண்டுள்ளன. அருளடையாளங்களும் கட்டளைகளும் செபமும் அதன் பிறகே வருகின்றன.

இச்செய்தியைத் தமிழில் சொல்ல முயன்றபோது முதற்சொல்லிலேயே இடறல் நேர்ந்தது என்பது பலரும் அறியாத வரலாறு.

1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இருமொழியும் ஓரளவு அறிந்தவர்களைக் கூட்டிவைத்து, அவர்கள் உதவியால் மந்திரங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்துகொண்டார். கையில் மணியை ஆட்டியவாறு ஊர்த்தெருக்களில் சென்று சிறுவரைக் கூட்டிக் கற்பித்தார். கற்றதைப் பெற்றோருக்கும் வீட்டாருக்கும் அண்டை அயலாருக்கும் சொல்லிக் கொடுக்குமாறு அச்சிறுவரையே ஏவினார். ஞாயிறுதோறும் ஒவ்வொரு பிரிவாக அறிக்கையைச் சொல்லி, “இதை உறுதியாக ஏற்கிறீர்களா?” என்று கேட்க, மக்கள் மார்பில் கைகளைச் சிலுவையாக வைத்து ஆம் என்று விடையிறுப்பர். பிற மந்திரங்களைவிட இதையே அடிக்கடி சொல்ல வைத்ததற்கு அவர் கூறிய காரணம் எளியது: இப்பன்னிரண்டையும் ஏற்பவனே கிறிஸ்தவன் என்று பெயர் பெறுகிறான்.

ஆனால் அந்த முதல் மொழிபெயர்ப்பில் ‘விசுவசிக்கிறேன்’ என்று இருக்கவேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்று இருந்திருக்கிறது! 1544-இல் தம் உடன் ஊழியர் பிரான்சிஸ்கோ மான்சிலாஸ் என்பவருக்கு எழுதிய கடிதத்தில் சவேரியார் இதைத் திருத்தச் சொல்கிறார். ‘வேணும்’ என்பது விருப்பத்தைக் குறிக்கும் சொல் என்றும், கடவுளை விரும்புகிறேன் என்பதைவிடக் கடவுளை விசுவசிக்கிறேன் என்பதே தகும் என்றும் விளக்குகிறார். அதே கடிதத்தில் இன்னொரு திருத்தமும் உண்டு. கிறிஸ்து பாடுபட்டதைச் சொல்லுமிடத்தில் ‘வலுக்கட்டாயத்தால்’ என்று பொருள்படும் ஒரு சொல் புகுந்துவிட்டது. கிறிஸ்து தாமே மனமுவந்து பாடுபட்டார், ஒருவர் வற்புறுத்தலால் அன்று, ஆகவே அச்சொல்லை நீக்குக என்கிறார்.

இரண்டாவது திருத்தம் கொள்கை நுட்பம் சார்ந்தது. மீட்பின் மறைபொருளே அதில் அடங்கியிருக்கிறது. முதல் திருத்தத்தை எண்ணும்போது மட்டும் எனக்குச் சிறு புன்னகை தோன்றும். ‘எனக்கு வேணும்’ என்று கடலோரத்து மக்கள் இரண்டு ஆண்டு காலம் சொன்னது அத்துணைப் பெரும் பிழையா? குழந்தை தாயைப் பார்த்துச் சொல்லும் சொல் அல்லவா அது! எனினும் சவேரியார் கூறியதே சரி. விருப்பம் இன்றிருந்து நாளை போகும். விசுவாசம் என்பது ஒருவர்மேல் தன் முழுப்பாரத்தையும் வைத்துவிடுவது.

சவேரியார் தொடங்கியதை ஒழுங்குபடுத்தியவர் அண்டிரிக் அடிகளார். 1546-இல் இந்தியாவுக்கு வந்த அவர் தமிழை இலக்கணத்தோடு கற்றார். 1554-இல் லிஸ்பனில் தமிழ் மந்திரங்கள் உரோமை எழுத்தில் அச்சாகியிருந்தன. அண்டிரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே வெளிவந்தது. பதினாறே பக்கங்கள் கொண்ட அச்சிறு ஏடுதான் இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல். மறு ஆண்டு கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’ வந்தது. தமிழ் அச்சின் பிறப்பே மறைக்கல்வி நூலாக அமைந்தது நமக்குப் பெருமைதான். ஆனாலும் அந்நூல்களில் கடவுள் ‘தம்பிரான்’. தூய ஆவியாரோ போர்த்துக்கீசிய ஒலிப்பிலேயே நின்றார். ‘இஸ்பிரீத்து சாந்து’ என்ற அச்சொல் இருபதாம் நூற்றாண்டுவரை நம் செபப் புத்தகங்களில் வாழ்ந்தது. போஞ்சு பிலாத்தும் அந்தக் கப்பலில் வந்து இறங்கியவனே.

கடலோரத்தில் போர்த்துக்கீசியச் சொற்கள் செல்லுபடியாயின. உள்நாட்டில் அவை செல்லவில்லை. 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி அடிகளார் இதைக் கண்டார். வேற்று மொழிச் சொற்களால் போதித்தால் இது வேற்றவர் சமயம் என்ற எண்ணமே மக்களிடம் நிலைக்கும் என்று அவர் கருதினார். ‘மீசை’ என்று கொச்சையாக வழங்கிய வழிபாடு ‘பூசை’ ஆயிற்று. தம்பிரான் என்ற சொல்லின் இடத்தில் ‘சர்வேசுரன்’ வந்தார். வடமொழிப் புலமையின் நிழல் படிந்த அச்சொற்கள் அன்று கல்வியின் சொற்கள். அவருடைய முறைகளை எதிர்த்து எழுந்த பெரும் வழக்கு உரோமைவரை சென்று, 1623 ஜனவரி 31 அன்று திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியின் ஆணையால் அவருக்குச் சார்பாக முடிந்தது.

சொற்களை மாற்றியதோடு அவர் நிற்கவில்லை. மறுபிறவிக் கொள்கையை மறுத்து ஒரு தனி நூலே எழுதினார். ‘சரீர உத்தானம்’ என்று நாம் ஒப்புக்கொள்வது வேறோர் உடலில் திரும்பவும் பிறப்பதை அன்று, உழைத்துத் தேய்ந்த இதே உடல் மகிமையோடு எழுவதை என்று தெளிவாக்க வேண்டிய தேவை இந்த மண்ணில் இருந்தது. நாற்று நட்டுக் கூன் விழுந்த முதுகு, கரும்புச் சோகை கிழித்த கை, இவை எவையும் வீசியெறியப்படுவதில்லை என்ற இந்தப் பிரிவைப்போல் உழைப்பாளர்க்கு ஆறுதலானது பன்னிரண்டில் வேறில்லை என்பது என் எண்ணம்.

அப்பாயியின் உபதேசியாருக்கு மூதாதை யார் என்று தேடினால் கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள ஏலாக்குறிச்சிக்கு வந்து சேர்வோம். இன்று அரியலூர் மாவட்டத்தில், கும்பகோணம் மறைமாவட்டத்தில் இருக்கும் அச்சிற்றூருக்குத் ‘திருக்காவலூர்’ என்று பெயர் சூட்டி, அடைக்கல அன்னைக்குக் கோயில் எழுப்பியவர் வீரமாமுனிவர். இத்தாலியில் காஸ்திலியோனே என்ற ஊரில் 1680-இல் பிறந்து 1710-இல் இந்தியா வந்த கொன்ஸ்தான்சோ பெஸ்கி அடிகளார்தான் அவர். அரியலூர் மழவராயருக்கு வந்த கொடிய கட்டியை அவர் ஆற்றினார் என்றும், நன்றியாக மழவராயர் கோயிலுக்கு நிலம் வழங்கினார் என்றும் இப்பகுதி மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். திருவிழாவுக்குப் போகும்போது பேருந்திலேயே இந்தக் கதையைக் கேட்டுவிடலாம்.

வீரமாமுனிவர் என்றதும் நாம் ‘தேம்பாவணி’யைச் சொல்வோம், ‘சதுரகராதி’யைச் சொல்வோம். 3615 பாடல்கள் கொண்ட காப்பியமும் நான்கு வகையாகத் தொகுத்த அகராதியும் போற்றத்தக்கவையே. எனினும் நம் ஊர்களின் விசுவாசத்தைத் தாங்கிய நூல் எது என்று என்னைக் கேட்டால், 1727-இல் அவர் உரைநடையில் எழுதிய ‘வேதியர் ஒழுக்கம்’ என்பேன். தேம்பாவணியைக் கற்கப் புலவர் வேண்டும். வேதியர் ஒழுக்கமோ உபதேசியார்களுக்காகவே எழுதப்பட்டது.

அன்றைய மதுரை மறைபரப்புத் தளத்தில் குருக்கள் மிகச் சிலர். அவர்கள் சுற்றவேண்டிய நாடோ மிகப் பெரிது. ஓர் ஊர் தன் குருவை ஆண்டுக்கு ஒருமுறை கண்டால் அதுவே பெரும்பேறு. மற்ற நாள்களில் நோயாளியைச் சந்திப்பதும், சாகக் கிடக்கும் குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுப்பதும், இறந்தவரை அடக்கம் செய்வதும், புதிதாக வருவோர்க்கு மந்திரம் கற்பிப்பதும் உபதேசியாரின் கடமை. அவர் பொய்யராக, பேராசைக்காரராக இருந்துவிட்டால் அந்த ஊரில் விசுவாசமே பொய்யாகிவிடும். இதை உணர்ந்த முனிவர், புனித இஞ்ஞாசியாரின் ஆன்மப் பயிற்சிகளின் நெறியில், உபதேசியாரின் உள்ளத்தை அவருக்கே காட்டும் கண்ணாடியாக அந்நூலை ஆக்கினார். கற்பிப்பவன் முதலில் தன்னைக் கற்கவேண்டும் என்பதே அதன் போக்கு. மறு ஆண்டு எழுதிய ‘வேத விளக்கம்’, தரங்கம்பாடி லுத்தரன் போதகர்களுக்கு மறுமொழியாகக் கத்தோலிக்கக் கோட்பாடுகளை எடுத்துரைப்பது. வாதத்தின் சூடு அதில் மிகுதி. இன்று கிறிஸ்தவ ஒன்றிப்பு மனநிலையோடு படிப்பவர்க்குச் சில பக்கங்கள் உறுத்தவே செய்யும். வேதியர் ஒழுக்கத்தில் அந்தச் சூடு இல்லை. அதன் அக்கறை வேறு.

1747 பிப்ரவரி 4 அன்று சேர நாட்டு அம்பழக்காட்டில் முனிவர் இறந்தார். 1759-இல் போர்த்துக்கல் அரசு இயேசு சபையாரைத் தன் ஆட்சிப் பகுதிகளிலிருந்து வெளியேற்றியது. 1773-இல் சபையே கலைக்கப்பட்டது. பல ஊர்கள் ஆயரையும் குருவையும் காணாமல் நெடுங்காலம் கிடந்தன. அப்போதும் மாலைதோறும் விளக்கின் முன் விசுவாச மந்திரம் ஒலித்தது. பிற்காலத்தில் பாரிஸ் மறைபரப்புச் சபைக் குருக்கள் கொள்ளிடக் கரை ஊர்களுக்கு வந்தபோது, மந்திரம் தெரிந்த மக்கள் அங்கே அவர்களுக்காகக் காத்திருந்தனர். 1899-இல் கும்பகோணம் மறைமாவட்டம் அமைந்தது, பெயர் தெரியாத இத்தகைய உபதேசியார்கள் காத்து வைத்த நிலத்தின்மேல்தான்.

பிறகு வந்தது இரண்டாம் வத்திக்கான் சங்கம். 1963 டிசம்பர் 4 அன்று வெளியான திருவழிபாட்டுக் கொள்கைத்திரட்டு மக்கள் மொழிக்கு வழி திறந்தது. தமிழகத்தில் அது இன்னொன்றையும் உடன் கொண்டுவந்தது: நல்ல தமிழ். பூசை திருப்பலி ஆயிற்று; அர்ச்சியசிஷ்டவர் புனிதர் ஆயினர்; சேசு இயேசு ஆனார்; இஸ்பிரீத்து சாந்து தூய ஆவியானார்; சரீர உத்தானம் உடலின் உயிர்ப்பு ஆயிற்று. பொருள் புரிந்து செபிக்கும் பேறு எங்கள் தலைமுறைக்குக் கிடைத்தது. அதற்காக நன்றி சொல்லவேண்டும். அந்நாளில் நோபிலி அடிகளார் எந்தக் காரணத்துக்காகப் போர்த்துக்கீசியச் சொற்களை விலக்கினாரோ, அதே காரணத்துக்காகவே அவருடைய வடசொற்களும் பின்னர் விலக்கப்பட்டன. அவர் இருந்திருந்தால் மறுத்திருக்கமாட்டார்.

இனி, அப்பாயியிடம் கேட்ட கேள்விக்குத் திரும்புவோம். சமுதிதம் என்றால் ஒன்றுகூடியது. பிரயோசனம் என்றால் பயன். புனிதர்கள் அனைவரும் ஒன்றாய்த் துய்க்கும் பயன் என்பது அத்தொடரின் பொருள். இன்று ‘புனிதர்களுடைய சமூக உறவு’ என்கிறோம். விண்ணகத்தில் இருப்போர், தூய்மை பெற்றுவரும் ஆன்மாக்கள், மண்ணில் நடப்போர் என்ற முத்திறத்தாரும் ஒரே உடலின் உறுப்புகள்; ஒருவர் நன்மை மற்றவர்க்கும் ஆகும் என்பது திருச்சபையின் போதனை. செத்தவங்களும் இருக்கிறவங்களும் ஒரே வீட்டு ஆளுங்க என்று அப்பாயி சொன்னதற்கு மேல் இதில் ஒரு சொல்லும் இல்லை.

பன்னிரண்டு பிரிவுகளில் நம்மிடையே மிகக் குறைவாக விளங்கியதும் இதுவே, மிகக் குறைவாக வாழப்பட்டதும் இதுவே. சொல் கடினமாக இருந்ததால் விளங்கவில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். சொல்லை எளிதாக்கிய பிறகும் வாழவில்லையே, அதற்கு என்ன சொல்வது? பழைய மதுரைத் தளத்தில் சாதிக்கு ஒரு வகைக் குரு என்று பிரித்தே பணி நடந்தது. சமூகத்தின் கதவைத் திறக்க அது தேவைப்பட்டது என்று வாதிட்டனர். கதவு திறந்த பிறகும் அந்தப் பிரிவு வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது.

எங்கள் எறையூரின் பெயரையே தாங்கிய இன்னோர் எறையூர், இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தில் இருக்கிறது. தொன்மையான செபமாலை அன்னை ஆலயம் உள்ள பெரிய கத்தோலிக்க ஊர். அங்கே வழிபாட்டிலும் இறுதி ஊர்வலத்திலும் சம உரிமை இல்லை என்று கூறித் தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்டனர். 2008 மார்ச் 9 அன்று மோதல் மூண்டது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். மோதிய இரு தரப்பாரும் ஒரே மந்திரத்தைச் சொல்லி வளர்ந்தவர்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 2003 நவம்பரில், உரோமைக்குச் சென்ற தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கிறிஸ்தவ மக்களிடையே சாதியால் பிரித்து வைக்கும் எதுவும் மனித ஒருமைப்பாட்டுக்கு எதிரானது என்று எச்சரித்திருந்தார். செய்தித்தாளில் எறையூர் என்ற பெயரைக் கண்டு உறவினர் பலர் எங்களை நலம் விசாரித்தனர். “அது நாங்கள் இல்லை, வேறு எறையூர்” என்று சொல்லிச் சொல்லி, மூன்றாம் நாள் அந்த விடையைச் சொல்லவே எனக்கு நா எழவில்லை.

அப்பாயி இறந்தபோது அவர் விரும்பியபடி அவருடைய பிறந்த ஊரிலேயே அடக்கம் செய்தோம். அந்த ஊரின் பெயர் இங்கு வேண்டாம். கல்லறைத் தோட்டத்தின் நடுவே இடுப்பளவு உயரத்தில் ஒரு மதில். இப்பக்கம் ஒரு சாதியார், அப்பக்கம் இன்னொரு சாதியார். அருள்தந்தை சடங்கை முடித்துச் சென்ற பிறகு பெண்கள் சிலர் குழியருகே அமர்ந்து செபமாலை தொடங்கினர். இளையவர்கள் புதிய பாடத்தைச் சொன்னார்கள். மதிலுக்கு அப்பால், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, என் அப்பாயி வயதொத்த மூதாட்டி ஒருவர் நின்றிருந்தார். சிறு வயதில் இருவரும் ஒரே உபதேசியாரிடம், ஒருவர் திண்ணையிலும் மற்றவர் வாசலிலும் அமர்ந்து மந்திரம் படித்தவர்களாம். இதைப் பின்னர்தான் கேட்டறிந்தேன். எங்கள் பக்கம் ‘ஆமென்’ சொல்லி முடிந்தது. அப்பக்கத்திலிருந்து அந்தக் குரல் மட்டும் இரண்டு வரி பின்தங்கி, பழைய சொற்களில், சமுதீதப் பிரயோசனத்தைக் கடந்து, பாவப் பொறுத்தலைக் கடந்து, சரீர உத்தானத்துக்கு வந்துகொண்டிருந்தது. அடுத்த மணிக்குப் போகாமல் பெண்கள் காத்திருந்தார்கள்.